பனி விழாத ஊரின் பனிமயம்

ஜனவரி மாதம் உறைபனி விழும் நாட்களில் வட்டவடையின் படிக்கட்டு வயல்கள் வெளுத்துக் கிடக்கும். காரட் தழையிலும் பூண்டுத் தாளிலும் உப்பைத் தூவியது போல் பனி படிந்திருக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது காட்சி, ஊர்க்காரர்களுக்குக் கவலை. வெயில் ஏறியதும் பனி தின்ற இலை வெந்தது போல் கருகிவிடும். பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது வட்டவடை. நிலம் கேரளத்துடையது, வாய்ப் பேச்சு தமிழ். முன்னோர்கள் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அங்குள்ள பழைய குடும்பங்களின் வழக்கு. பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் எல்லாக் குளிரையும் சமாளித்துவிடுகிறது. புல் நுனியில் நிற்பது பனித்துளி, பாதையை மறைப்பது மூடுபனி, பயிரைக் கருக்குவது உறைபனி, இமயத்தில் இருப்பதும் பனிதான். ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டை முன்பனி, பின்பனி என்று இதற்கே எழுதிக் கொடுத்திருக்கிறது இந்த மொழி. ஆனாலும் பனியோடு மல்லுக்கட்டும் ஒரு மலை விவசாயிக்குத் தன் மகளைப் 'பனி' என்று அழைக்கத் தோன்றாது.

தோன்றியது வேறு ஓர் ஊருக்கு. உறைபனியைக் கண்ணால் பார்க்காத, உப்பளமும் கடலும் வெயிலும் சேர்ந்து காய்ச்சும் தூத்துக்குடிக்கு. அங்கேயும் அதையடுத்த முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களிலும் பெண் குழந்தைக்குப் பனிமயம் என்றும் பனிமய மேரி என்றும் ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தார்கள். இதே பெயர் ஸ்பெயினில் நியேவெஸ். 'பனிகள்' என்பது அதன் நேர்ப் பொருள். பனியைப் பார்க்காதவர்கள் பனியைப் பெயராக ஏற்றுக்கொண்ட கதை, ஒரு பெயர் எப்படி நாடு விட்டு நாடு போகிறது என்பதன் கதை. அது எப்படி அருகிப் போகிறது என்பதன் கதையும்கூட.

கதையின் ஒரு நூல் வட்டவடைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. பாம்பாடும் சோலை, டாப் ஸ்டேஷன், மாட்டுப்பெட்டி வழியாகச் சுமார் 45 கி.மீ. இறங்கினால் மூணாறு. அங்கே குன்றின் மேல் நிற்கிறது மவுண்ட் கார்மல் ஆலயம். தேயிலைத் தோட்டங்களுக்காகக் காடு திருத்திக்கொண்டிருந்த காலத்தில், 1898ல், உயர்மலைப் பகுதியின் முதல் கத்தோலிக்க ஆலயமாக அது தொடங்கியது. தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களைத் தேடி வராப்புழை மறைமாவட்டத்திலிருந்து மலையேறி வந்து ஆலயத்தை நிறுவியவர் ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி. அவர் பெயர் அல்போன்ஸ் மரியா தெ லோஸ் ஆங்ஹெலெஸ். 1930ல் வராப்புழையிலிருந்து பிரிந்து விஜயபுரம் மறைமாவட்டம் உருவானபோதும் அதன் முதல் ஆயர் பொனவெந்தூர் அரானா என்ற ஸ்பானியர்தான். 1898ல் தொடங்கிய அந்த ஆலயம் 2024ல் பசிலிக்கா ஆக உயர்த்தப்பட்டது.

அந்தத் துறவியின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஸ்பானியர்கள் பெயர் வைக்கும் முறை புரிந்துவிடும். 'தெ லோஸ் ஆங்ஹெலெஸ்' என்றால் 'வானதூதர்களின்'. அது குடும்பப் பெயர் அல்ல, ஊர்ப் பெயரும் அல்ல. கார்மேல் துறவிகள் சபையில் சேரும்போது வீட்டுப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு இப்படி ஒரு பக்திப் பெயரைச் சூட்டிக்கொள்வது மரபு. அந்தச் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசாவும் 'இயேசுவின் தெரேசா' என்றே கையெழுத்திட்டார். துறவிகளின் பழக்கம் இது என்றால், சாதாரண வீடுகளிலும் இதற்கு இணையான ஒரு பழக்கம் இருந்தது. மரியா என்ற பெயரை மட்டும் வைக்காமல், மாதாவின் பட்டம் ஒன்றைச் சேர்த்து வைப்பார்கள். பிறகு புழக்கத்தில் மரியா உதிர்ந்துவிடும், பட்டம் மட்டும் பெயராக நிற்கும்.

மரியா தெல் கார்மென் வெறும் கார்மென் ஆனது அப்படித்தான். இன்றைய இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தை ஒட்டியுள்ள கார்மேல் மலையிலிருந்து வந்த பெயர் அது. எபிரேய மொழியில் அதற்குத் தோட்டம், திராட்சைத் தோட்டம் என்ற பொருள் உண்டு. லத்தீனில் 'கார்மென்' என்றால் பாட்டு. இரண்டும் ஸ்பானியக் காதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. 1875ல் பாரிஸில் அரங்கேறிய பீஸேயின் இசை நாடகத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் கார்மென் என்றால் சுருட்டாலைப் பெண் ஞாபகம் வருகிறது. ஸ்பெயினிலோ அது ஜூலை 16 திருவிழாவின் ஞாபகம். மூணாறு ஆலயத்தின் பெயரும் அதே மலையின் பெயர்தான்.

இந்த வகைப் பெயர்களின் இலக்கணம் விசித்திரமானது. ஆண்பால் சொல்லும் பெண் பெயராகிவிடும். பிலார் என்றால் தூண். சரகோசா நகரில் மாதா தூண் மீது காட்சி தந்தார் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. அந்தத் திருவிழா நடக்கும் அக்டோபர் 12தான் ஸ்பெயினின் தேசிய தினமும். ரொசாரியோ என்றால் செபமாலை. பன்மைச் சொல்லும் தனி ஒருத்திக்குப் பெயராகும். தோலோரெஸ் என்றால் துயரங்கள். மெர்ஸெதெஸ் என்றால் அருள்கள். அடிமையாய்ப் பிடிபட்டவர்களை மீட்பதற்காக 1218ல் பார்சிலோனாவில் தோன்றிய துறவற சபையின் பாதுகாவலியான மாதாவின் பட்டம் அது. டைம்லர் கார்களை வாங்கி விற்ற எமில் யெல்லினெக் என்ற வியாபாரி தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். அவர் விருப்பப்படி காருக்கும் அதே பெயர் வைத்து 1902ல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். அடிமை மீட்ட மாதாவின் பெயரில்தான் பணக்காரர்கள் இன்று ஊர்வலம் போகிறார்கள். பெயருக்குப் பின்னாலிருந்த கதை மறைந்தால் பெயர் எந்த வண்டியிலும் ஏறிக்கொள்ளும்.

நியேவெஸ் இந்த வரிசையைச் சேர்ந்தது. முழு வடிவம் மரியா தெ லாஸ் நியேவெஸ், அதாவது பனிகளின் மரியா. பனிக்கு லத்தீனில் 'நிக்ஸ்'. அதன் வேர் 'நிவ்'. முகத்துக்குப் பூசும் நிவியாவின் பெயரும் 'பனி போல் வெண்மையான' என்ற லத்தீன் சொல்தான்.

பெயரின் பிறப்பிடம் ஸ்பெயினும் அல்ல, ரோம். 4ஆம் நூற்றாண்டில் லிபேரியுஸ் போப்பாக இருந்தபோது ரோமில் பிள்ளையில்லாத செல்வந்தத் தம்பதி ஒன்று இருந்ததாம். சொத்தையெல்லாம் மாதாவுக்கே கொடுக்க முடிவு செய்து, எப்படிச் செலவிடுவது என்று வேண்டினார்கள். கடும் கோடையான ஆகஸ்ட் மாதத்தில், 4ஆம் தேதி இரவு விடிந்து 5ஆம் தேதி காலையில், எஸ்குலின் குன்றின் மேல் பனி விழுந்து கிடந்தது. பனி கிடந்த அளவுக்கு அங்கே கோயில் எழுந்தது என்கிறது கதை. இன்று அங்கே நிற்பது புனித மரியா பேராலயம். 5ஆம் நூற்றாண்டில், மூன்றாம் சிக்ஸ்துஸ் போப்பாக இருந்த காலத்தில், கட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் நல்லடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான். ஒவ்வோர் ஆகஸ்ட் 5ஆம் தேதியும் இந்த ஆலயத்தின் உட்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டி அந்தப் பனியை நினைவுகூர்கிறார்கள்.

இந்தக் கதை எழுத்தில் கிடைப்பது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிறகுதான். திருச்சபையே இதை வரலாறாக வற்புறுத்தவில்லை. 1969ல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது ஆகஸ்ட் 5க்குரிய விழாவின் பெயரிலிருந்து பனி நீக்கப்பட்டது. பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்ட நாள் என்று மட்டுமே இப்போது அது குறிக்கப்படுகிறது. ஆனால் அதற்குள் பனி பாதி உலகம் சுற்றிவிட்டது.

சுற்றிய வழியைப் பார்த்தால் ஆச்சரியம்தான். குளிர் நாடுகளை விட்டுவிட்டு வெப்ப நாடுகளாகப் பார்த்து இறங்கியிருக்கிறது இந்தப் பெயர். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில், 2021ல் எரிமலை வெடித்துச் செய்தியில் அடிபட்ட லா பால்மா தீவின் பாதுகாவலி இந்தப் பனி மாதாதான். 1680 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மலைக் கோயிலிலிருந்து அவரைத் தலைநகருக்கு இறக்கிக்கொண்டு வந்து விழா எடுக்கிறார்கள். கரீபியன் கடலில் ஸ்பானிய மாலுமிகள் ஒரு தீவைப் பார்த்தார்கள். அதன் சிகரத்தில் எப்போதும் வெள்ளை மேகம் சூழ்ந்திருந்தது. பனி போல் இருக்கிறதே என்று தீவுக்குப் பனி மாதாவின் பெயரையே வைத்தார்கள். நியேவெஸ் ஆங்கிலேயர் வாயில் நீவிஸ் ஆயிற்று. கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த செயின்ட் கிட்ஸ் அண்ட் நீவிஸ் நாட்டின் பாதிப் பெயர் அதுதான்.

அந்த நீவிஸுக்குத் தூத்துக்குடியில் ஓர் உடன்பிறப்பு உண்டு: தஸ்நேவிஸ். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். அவர்களிடம் 1542ல் வந்து சேர்ந்தவர் ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். ஆனால் கடற்கரையின் அதிகாரம் போர்ச்சுகீசியரிடம் இருந்தது. அதனால் ஸ்பானிய நியேவெஸ் வராமல் அதன் போர்ச்சுகீசிய வடிவமான 'நெவெஸ்' வந்தது. 'தஸ் நெவெஸ்' என்றால் 'பனிகளின்'. வேற்றுமை உருபோடு சேர்த்தே அதைத் தமிழ் விழுங்கிவிட்டது. தஸ்நேவிஸ் மாதா என்றால் இன்றும் தூத்துக்குடியில் யாருக்கும் தெரியும்.

அங்கே வணங்கப்படும் திருச்சொரூபம் 1555ல் மணிலாவிலிருந்து சாந்தா ஹெலேனா என்ற கப்பலில் வந்தது என்பது மரபு. மணிலாவில் ஸ்பானியர் தலைநகர் அமைத்ததே 1571ல்தான் என்பதால் இந்த இரண்டு செய்திகளும் அப்படியே பொருந்தவில்லை. ஆனாலும் மரபு ஒன்றைச் சரியாகச் சொல்கிறது. இந்தப் பெயர் கடல் வழியாக, கிழக்கும் மேற்கும் கலந்த கப்பல் பாதையில் வந்தது என்பதை. 1582ல் பனிமய மாதாவின் பெயரில் அங்கே ஆலயம் இருந்தது. இப்போதிருக்கும் ஆலயம் 1713ஐச் சேர்ந்தது. 1806ல் தங்கத் தேர் முதலில் ஓடியது. சிறப்பு ஆண்டுகளில் மட்டும் அது வெளியே வரும், கடைசியாக ஓடியது 2023ல். ஆலயம் 1982ல் பசிலிக்கா ஆனது. ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் முடியும் திருவிழாவுக்கு மதம் பார்க்காமல் ஊரே கூடுகிறது.

ஆக, தூத்துக்குடியில் ஒரே மாதாவுக்கு இரண்டு பெயர்கள் நின்றன. தஸ்நேவிஸ் என்பது ஒலி. பனிமயம் என்பது பொருள். முதலாவதைக் கேட்டால் ஏதோ பரங்கிச் சொல் என்று தெரியும், என்னவென்று தெரியாது. இரண்டாவதைக் கேட்டால் படிக்காத பாட்டிக்கும் உடனே விளங்கும். 'மயம்' என்ற ஒட்டைச் சேர்த்ததில்தான் சாமர்த்தியம். பனியின் மாதா என்பதைவிட, பனியே நிறைந்தவள் என்பது ஒரு படி மேலே போய்விடுகிறது.

பனியைப் பார்க்காத மக்களுக்கு இது எப்படி ஒட்டியது? தமிழ்நாட்டில் தெய்வத்தை 'குளிரவைப்பது' பழைய வழக்கம். மாரியம்மனுக்கு வேப்பிலையும் கூழும் எதற்கு? வெப்பம் தணியத்தான். உப்பு விளையும் வெயில் காலத்தில், கடலே கொதிப்பது போன்ற ஆகஸ்டில், குளிர்ந்த தாய் ஒருத்தி தேர் ஏறி வருகிறாள் என்றால் தூத்துக்குடிக்கு அதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ரோமாபுரிக் கதையிலும் வியப்பு கோடையில் விழுந்த பனிதானே. குளிர்காலப் பனியில் என்ன அதிசயம்? அந்தப் பனி வட்டவடையில் ஆண்டுதோறும் விழுந்து பயிரைக் கருக்குகிறது. கேட்டுப் பெற முடியாத இடத்தில், கேட்டபோது கிடைப்பதுதான் வரம். பிள்ளை வரமும் அப்படித்தான். பிள்ளையில்லாத தம்பதியின் கதையிலிருந்து பிறந்த பெயரை, வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வைத்தார்கள் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வேண்டுதலுக்குப் பெயர் வைப்பது மதம் மாறியதால் வந்த பழக்கமும் அல்ல. பழனிக்கு வேண்டிப் பிறந்தவன் பழனியாண்டி, அழகருக்கு நேர்ந்துகொண்டவன் அழகர்சாமி, சமயபுரத்தாள் கொடுத்தவள் மாரியம்மாள். பெயரைக் கேட்டாலே குடும்பம் எந்தக் கோயிலில் மண்டியிட்டது என்று தெரிந்துவிடும். மலையிலும் சமவெளியிலும் கடற்கரையிலும் இதுதான் முறை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதே பழைய அச்சில் புதிய மாதாக்களை வார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான் ஸ்பானியப் பெயர்ப் பட்டியலையும் தமிழ் ஞானஸ்நானப் பெயர்களையும் அருகருகே வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப் பார்ப்பது போலிருக்கிறது. ஸ்பெயினில் சலூத், இங்கே வேளாங்கண்ணி தந்த ஆரோக்கியம். அங்கே தோலோரெஸ், இங்கே வியாகுலம். அங்கே சோக்கோர்ரோ, இங்கே சகாயம். அங்கே ரொசாரியோ, இங்கே செபமாலை. அங்கே இன்மகுலாதா, இங்கே அமலோற்பவம். அங்கே நியேவெஸ், இங்கே பனிமயம். ஸ்பெயினைப் போலவே இங்கும் மேரி உதிர்ந்து பட்டம் மட்டும் நின்றது. ஒரு படி அதிகமாகவே போய், ஆரோக்கியம், வியாகுலம், சகாயம் எல்லாம் ஆண்களுக்கும் பெயராயின. ஸ்பெயினில் இல்லாத பட்டங்களும் இங்கே முளைத்தன. வீரமாமுனிவர் கோனான்குப்பத்தில் மாதாவைப் பெரியநாயகி என்றார், ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னை என்றார். பெரியநாயகம், அடைக்கலம் என்று பிள்ளைகள் வளர்ந்தார்கள். வட்டவடையிலிருந்து மலை முகட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் கொடைக்கானல். அங்குள்ள சலேத் மாதா ஆலயத்தின் பெயரோ பிரான்சிலிருந்து வந்தது. 1846ல் பிரெஞ்சு மலைக் கிராமமான லா சலேத்தில் ஆடு மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சலேத் மேரிகள் வந்தார்கள்.

இவற்றில் எது தழைத்தது, எது அருகியது என்பதற்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. தமிழ்நாட்டுக்கு வந்த ஸ்பானியப் பெயர்களில் எல்லோருக்கும் தெரிந்தது சவேரியார். அது உண்மையில் சாமி பெயரே அல்ல, ஒரு கோட்டையின் பெயர். ஸ்பெயினின் பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். அந்தப் பொருள் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. சேவியர், சவேரிமுத்து, சவேரியம்மாள் என்று வகைவகையாய்ப் பரவியது, அந்த மனிதர் ஒருவருக்காக. பனிமயமோ ஓர் ஊரின் விழாவோடு கட்டுண்ட பெயர். தூத்துக்குடிக் கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தால் கேட்பது கடினம். தஸ்நேவிஸ் என்ற வடிவத்தைப் பெயராகக் கொண்டவர்கள் அதைவிடக் குறைவு.

ஸ்பெயினிலும் நிலைமை இதேதான். தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் பட்டியலில் மரியா கார்மென் பெண் பெயர்களில் பல ஆண்டுகளாக முதலிடம். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பெயர். ஆனால் அது பாட்டிகளின் பலம். தோலோரெஸ் என்ற பெயருள்ளவர்களின் சராசரி வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகளின் பட்டியலில் பல ஆண்டுகள் முன்னால் நின்றது லூசியா. தூண், துயரம், பனி எல்லாம் பின்னால் போய்விட்டன.

காரணங்களில் சில காகிதத்தில் இருக்கின்றன. பிராங்கோ ஆட்சியில் ஸ்பெயினில் குழந்தைக்கு ஸ்பானிய, கத்தோலிக்கப் பெயர்தான் வைக்க முடியும் என்ற கெடுபிடி இருந்தது. அவர் இறந்த பின், 1977ல் சட்டத்தைத் திருத்தி நாட்டின் மற்ற மொழிகளிலும் பெயர் வைக்க வழி செய்தார்கள். திருச்சபையின் பக்கமும் கதவு திறந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குக் குரு கவனித்துக்கொள்ள வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாமல் இருந்தால் போதும் என்றது. பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஆலயத்திலிருந்து வீட்டுக்கு வந்தது.

தமிழர்கள் பக்கம் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பெயர் இப்போது கூப்பிடுவதற்கு மட்டும் அல்ல, படிவத்தை நிரப்புவதற்கும்தான். மூணாறு தோட்டங்களிலோ வட்டவடையிலோ பிறக்கும் தமிழ்க் குழந்தையின் பெயர் வீட்டில் தமிழிலும் பிறப்புச் சான்றிதழில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வாழ வேண்டும். மூன்று எழுத்திலும் உடையாமல் நிற்க வேண்டும் என்றால் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்தான் சௌகரியம். எல்லையில் ஊர்ப் பெயரே தப்பவில்லை: தமிழில் வட்டவடை, மலையாளப் பலகையில் வட்டவட. கடற்கரையிலிருந்து சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களின் கணக்கும் இதுதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது, வேலைக்குப் போன இடத்தில் வாயில் நுழைய வேண்டும், பாஸ்போர்ட்டில் எழுத்து மாறக் கூடாது. வியாகுலமும் செபமாலையும் அமலோற்பவமும் இந்த மூன்று பரீட்சையிலும் தோற்றன. பெரும்பாலும் பெற்றோர்களே தோற்கடித்தார்கள். அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. பிள்ளை சுகமாக இருக்கட்டும் என்ற நினைப்புதான். பனிமயம் என்று பெயர் வைத்த பாட்டனும் அதைத்தான் நினைத்தார்.

பாட்டன் வைத்த பெயரில் முகவரி இருந்தது என்பதுதான் வித்தியாசம். எந்த ஊர், எந்தத் திருவிழா, எதற்காக வேண்டினார்கள், எப்போது கிடைத்தது என்ற நான்கு விவரமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் ஒரு கஷ்டம் வந்தது, அது தீர்ந்தது என்ற ரசீது அது. எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் குடும்ப வரலாற்றுக்கு வேறு பதிவேடு கிடையாது. புதிய பெயர்கள் இனிமையாக இருக்கின்றன; யாருக்கும் யாரிடமும் கடன்பட்டதாகச் சொல்வதில்லை.

பெயரைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று யாரும் சட்டம் போட முடியாது. ஸ்பெயின் அப்படிப் போட்டுப் பார்த்து, பின்னர் தளர்த்த வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பெயரை விடுவதற்கு முன் அதன் பொருளைக் கேட்டு வைத்துக்கொள்ள முடியும். முதல் தலைமுறை பெயரைச் சூட்டுகிறது, இரண்டாம் தலைமுறை இன்ஷியலாகச் சுருக்குகிறது, மூன்றாம் தலைமுறை அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று விசாரிக்கிறது. விசாரிக்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். மெர்ஸெதெஸ் எப்படிக் கார் ஆனது என்று தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு.

தூத்துக்குடியில் பனிமயத்துக்கு அந்த ஆபத்து இப்போதைக்கு முழுதாக வரவில்லை. குழந்தைகளுக்கு வைப்பது குறைந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஆகஸ்ட் வெயிலில் பெயரின் சொந்தக்காரி தெருவுக்கு வருகிறாள். தமிழில் மொழிபெயர்த்து வைத்த புண்ணியத்தால், ஏன் அந்தப் பெயர் என்று கேட்கும் குழந்தைக்குப் பாதி பதில் சொல்லிலேயே இருக்கிறது. மீதிப் பதிலாகக் கோடையில் விழுந்த பனியின் கதையைச் சொல்லிவிடலாம்.

பனி எப்படி இருக்கும் என்று அந்தக் குழந்தை அடுத்துக் கேட்டால், காட்டுவதற்கு ரோமாபுரிக்கோ ஸ்பெயினுக்கோ போக வேண்டியதில்லை. ஜனவரியில் ஒரு விடியற்காலை வட்டவடைக்கு அழைத்துப் போனால் போதும், வெயில் ஏறுவதற்கு முன்.